மணலியிலிருந்து வாசல் குழி வரை

கச்சா எண்ணெய் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, குழாய் வழியே மணலிக்குப் போகிறது. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை அதைக் காய்ச்சிப் பிரிக்கிறது. எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று லேசானவை எல்லாம் ஆவியாகிப் பிரிந்துபோன பிறகு, வெற்றிடக் கோபுரத்தின் அடியில் கறுப்பாக, கனமாக ஒரு கசடு தங்குகிறது. சாலைக்கு வரும் தார் அதுதான்.

இந்தத் தாரில் பெரும்பகுதி சுடச்சுட டேங்கரில் ஏறி ஹாட் மிக்ஸ் பிளான்டுக்குப் போகும். அங்கே 150 டிகிரி வாக்கில் சூடேற்றிய ஜல்லியோடு கலந்து, தார்ப்பாய் மூடிய டிப்பரில் கொண்டுவந்து, சூடு தணிவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதெல்லாம் நடக்காது. ஜல்லி நனைந்து கிடக்கும், சாலையும் ஈரமாக இருக்கும். ஆனால் குழி விழுவதும் அந்த மாதங்களில்தான். இரண்டடி குழிக்காக ஒரு லோடு கலவை போட்டுத் தரவும் யாரும் முன்வர மாட்டார்கள்.

அதனால் கொஞ்சம் தார் வேறு வழியில் போகிறது. மண்ணெண்ணெய் அல்லது டீசல் போன்ற கரைப்பானைச் சேர்த்து அதை இளக்குகிறார்கள். ஈரக் கல்லிலும் பிடிப்பதற்கு ஒரு ரசாயனம் சேர்கிறது. பிறகு, பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும் சிறு ஜல்லியை, தூசி தும்பு குறைவாக இருக்கும்படி பார்த்துக் கலக்கிறார்கள். தூள் கூடினால் கலவை கட்டி தட்டும். கரைப்பான் வெளியேறவும் இடைவெளி இருக்காது. தண்ணீரில் கலந்த தார்க் குழம்பை வைத்துச் செய்யும் வகையும் உண்டு. கரைப்பான் வகை ரெடிமேட் கலவைக்கென்றே இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2014-ல் ஐஆர்சி 116 என்ற தர விதியை வெளியிட்டது.

காற்றுப் புகாத பையில் அடைத்துவிட்டால், கோல்ட் மிக்ஸ் எனப்படும் இந்தக் கலவை மாதக்கணக்கில் குடோனில் கிடக்கும். 25 கிலோ பை ஒன்று, அரை மீட்டர் நீளமும் அதே அகலமும் 5 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியை ஏறக்குறைய நிரப்பும். வாங்கும்போது பையை அமுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே உதிரியாக நகர்ந்தால் சரக்கு நல்லது. கல்லாக இறுகியிருந்தால் கரைப்பான் எப்போதோ பறந்துவிட்டது.

பை கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் லாரி திரும்பும் மூலையில் இருக்கும். தாரில் விழுந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்கி அடிமண்ணை இளக்கியிருக்கும். லாரிச் சக்கரம் மேலே ஏறி இறங்க, ஜல்லி பெயர்ந்து குழியாகியிருக்கும்.

முதலில் தேங்கிய நீரை வாரி இறைத்து, சேற்றையும் பெயர்ந்த ஜல்லியையும் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ள வேண்டும். பையைக் கிழித்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று தூக்கும். சுற்றியுள்ள தரையைவிட ஒரு விரல்கடை உயரமாகக் கொட்டி, திமிசுக்கட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு இடித்துக்கொண்டே வர வேண்டும். ஆழமான குழி என்றால் பாதி கொட்டி இடித்துவிட்டு மீதியைக் கொட்டுவது நல்லது. மேலே இரண்டு கை எம்-சாண்ட் தூவினால் டயரில் ஒட்டாது. வண்டியை உடனே விடலாம். ஆனால் உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பைக்கின் சைடு ஸ்டாண்டு அதில் பதியும்; நின்ற இடத்திலேயே காரின் ஸ்டீயரிங்கைத் திருகினால் கலவை பெயர்ந்து வரும்.

பல இடங்களில் இந்தப் பயணம் கடைசி ஐந்து நிமிடத்தில் வீணாகிறது. பையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அடைத்துப் பார்த்து ஆராய்ந்தார்கள். ஓரங்களைச் சதுரமாக வெட்டிச் செய்யும் விரிவான முறைக்கு நிகராக, தரமான கலவையைக் கொட்டி லாரிச் சக்கரத்தாலேயே அழுத்தும் எளிய முறையும் தாக்குப்பிடித்தது அதில் தெரியவந்தது. நல்ல சரக்கும் நல்ல அழுத்தமும் இருந்தால் ஒட்டு நிற்கும்.

ஆனால் எந்தப் பையாலும் தண்ணீரை நிறுத்த முடியாது. மொட்டை மாடிக் குழாய் அந்த மூலையில்தான் கொட்டுகிறது, சம்ப் வழிந்து அங்கேதான் ஓடுகிறது என்றால், அடுத்த மழைக்கு ஒட்டின் ஓரத்திலேயே புதிய குழி விழும். எனவே, பை வாங்கக் கிளம்புமுன், மழை பெய்யும்போது ஒருமுறை குடை பிடித்துக்கொண்டு போய் அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முதலில் அதைத் திருப்பிவிடுங்கள். பிறகு குழியை அடையுங்கள்.