வில் பிடித்த மண்

கோலார் தங்கவயல் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்று 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட சுரங்கங்களும், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவாலான வெண்சாம்பல் நிறச் சயனைடு மேடுகளும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளரின் லைன் வீடுகளுமே. அந்தச் சரித்திரம் பலராலும் சொல்லப்பட்டிருக்கிறது. ஐரோப்பியரின் இயந்திரங்கள் வந்து இறங்குவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பிரதேசம் வில்லாளிகளின் நிலமாக விளங்கியதை நினைவுகூர்வோர்தாம் சிலர்.

குவளாலபுரம் என்ற கோலாரைத் தம் முதல் தலைநகராகக் கொண்ட கங்கர்களும், பாணர்களும், நுளம்பர்களும் ஆகிய அரச மரபினர் இப்பகுதிக்காக மாறி மாறிப் போரிட்ட காலம் அது. 10-ஆம் நூற்றாண்டில் இறிவ நுளம்பன் ஆட்சியில் செப்பனிடப்பட்ட பேத்தமங்கலம் ஏரிதான், பின்னாளில் சுரங்க நகரத்துக்குக் குடிநீர் தந்தது. மன்னர் போர்களினும் மிகுதியாக நடந்தவை ஆநிரைப் பூசல்கள். ஊர் மாடுகளைக் கவர வந்தவரை எதிர்த்து மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். அவ்வாறான வீரக்கற்கள் கோலார்ச் சீமையின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் இன்றும் நிற்கின்றன. பூசலை அடித்தட்டிலும், அரமகளிர் வீரனை ஏந்திச் செல்வதை நடுவிலும், அவன் சேர்ந்த சுவர்க்கத்தை உச்சியிலும் காட்டுவது இக்கன்னட நாட்டுக் கற்களின் மரபு. தொழிலாளர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் செங்கம் நடுகற்களிலோ, பெரும்பாலும் ஒற்றை வீரன் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளுமாக நிற்பான். சிலவற்றில் மார்பிலும் தொடையிலும் பகைவர் அம்புகள் தைத்திருக்கும். ஆகவே சுரங்க வேலைக்கு வந்த தமிழர் வில்லை அறியாத நாட்டிலிருந்து வில்லை அறியாத நாட்டுக்கு வந்தவரல்லர்.

இக்கற்களைப் பார்க்குந்தோறும் எனக்கு ஒரு குறை தோன்றும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரைக்கூட மறவாமல் பொறித்து வைத்திருக்கிறது. வீரனுக்கு முதன்முதல் வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் பெயரையோ எந்தக் கல்லிலும் நான் கண்டதில்லை. வில்லாளியின் முடிவு கல்லில் நிலைத்தது. அவனுடைய ஆரம்பம் மறைந்தது.

ஆரம்பத்தைச் சொல்லுவது ஐதிகம் ஒன்றே. தங்கவயலுக்கு வடக்கே, முல்பாகல் வட்டத்தைச் சேர்ந்த ஆவணி மலையில் வால்மீகியின் ஆசிரமம் இருந்ததென்றும், சீதை அங்கேதான் லவனையும் குசனையும் ஈன்றாளென்றும், அச்சிறுவர் வில் பயின்று தந்தை என்றறியாமல் இராமனையே எதிர்த்தது அங்கேதான் என்றும் ஜனங்கள் நம்புகிறார்கள். மலைமேல் சீதைக்கு ஆலயம் உண்டு. அடிவாரத்தில் இராமனும் தம்பியர் மூவரும் தனித்தனியே பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் லிங்கங்களுக்கு, நுளம்பர் காலத்திலே எழுந்த கோயில்கள் உள்ளன. சரித்திர ஆராய்ச்சியாளர் சான்று கேட்டால் ஐதிகத்தைத் தவிரக் காட்ட வேறொன்றும் இல்லை. ஆயினும், வீரக்கற்கள் மலிந்த ஒரு நாடு, வில் கற்றுக்கொண்ட இரண்டு சிறுவரின் கதையைத் தன் மலைக்கு உரியதாக்கிக் கொண்டதில் வியப்பில்லை.

அத்தகைய சிறுவன் எவ்வாறு தொடங்கியிருப்பான் என்பதை அக்கினி புராணத்தின் தனுர்வேதப் பகுதியால் ஒருவாறு ஊகிக்கலாம். நான்கு முழ வில் உத்தமம், மூன்றரை முழம் மத்திமம், மூன்று முழம் அதமம் என்று வகுக்கும் அந்நூல், சமபாதம், வைசாகம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் முதலிய நிற்கும் நிலைகளை விரித்துரைக்கிறது. பாதங்களுக்கிடையே மூன்று சாண் விட்டு, முழங்கால் வளையாமல் நிற்பது வைசாகம். இன்றைய பயிற்சித் திடலிலும் முதல் பாடம் கால்களுக்குத்தான்.

முதல் நாளே கனத்த வில்லைக் கேட்பது புதியவர்க்கு இயல்பான ஆசை. அதற்கு இணங்காத ஆசிரியரே நல்லாசிரியர். ஒலிம்பிக் வீரர் 45 ராத்தலுக்கு மேற்பட்ட விசையுள்ள வில்லை வளைக்கலாம். தொடங்குகிறவருக்கு 15 முதல் 20 ராத்தலே போதும், இலக்கும் பத்து மீட்டருக்குள் இருப்பது நலம். இடத்தோள் இலக்கை நோக்கப் பக்கவாட்டில் நின்று, ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலும் மற்றிரு விரல்கள் கீழுமாக நாணைப் பற்றி, முதுகின் வலிமையால் முகவாய்க்கட்டைவரை இழுத்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, பிறகு விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். இடது முழங்கையைச் சற்றே வெளிப்புறம் திருப்ப மறந்தால், நாண் முன்கையில் சுள்ளென்று அறைந்து சிவந்த தடிப்பை உண்டாக்கும். அங்கே தோலுறை அணிவது அதற்காகத்தான். அம்பு தொடுக்காமல் நாணை இழுத்து விடுவது கூடவே கூடாது. அம்போடு போகவேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதை முறித்துவிடக்கூடும்.

இக்கலையை இன்று விளையாட்டாக வளர்க்கும் இந்திய வில்வித்தைச் சங்கம் 1973-இல் தோன்றியது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் நம் வில்லாளர் முதன்முறையாகக் கலந்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான லிம்பா ராம், இராஜஸ்தானத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து மூங்கில் வில்லோடு வளர்ந்தவர். 1992-இல் பெய்ஜிங்கில் 30 மீட்டர் பிரிவில் 360-க்கு 358 புள்ளி பெற்று உலக சாதனையை அவர் சமன் செய்தார். அரசு அவருடைய கிராமத்துப் பக்கம் ஆள் அனுப்பித் தேடியதால்தான் அவர் நமக்குக் கிடைத்தார்.

தங்கவயலிலும் அவ்வாறு தேடலாம். சுரங்கம் மூடியபின் இவ்வூர் இளைஞர், விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். உள்ளூரில் சும்மா கிடக்கும் நிலத்துக்குக் குறைவில்லை. எழுபது மீட்டர் நீளத்தில் ஒரு திடலும், பின்னால் அம்பைத் தடுக்க ஒரு மண்சுவரும் (சயனைடு மேட்டைச் சுவராகக் கொள்ளலாம் என்று யாரும் யோசனை சொல்லவேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது), இலகுவான பத்து வில்லும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம். மாநில விளையாட்டுத் துறைக்கும் மத்திய அரசுக்கும் இது அரிய செலவன்று. தங்கவயல் நகரப் பெரியோர் கூடி, இதற்கென ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.