மரங்கள் உமிழும் கரிம ஆவிகள்

மரங்களின் இலைகளிலிருந்து எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் கார்பன் சேர்மங்கள் இவை. அளவில் முதலிடம் ஐசோப்பிரீனுக்கு. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட இந்த வாயுவை உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் வெளியிடுகின்றன. ஓக், பாப்ளர், யூகலிப்டஸ், எண்ணெய்ப்பனை ஆகியவை இதை மிகுதியாக உமிழ்பவை. பைன் போன்ற ஊசியிலை மரங்களிலிருந்து வருபவை பெரும்பாலும் பைனீன், லிமோனீன் முதலிய மோனோடெர்பீன்கள். பைன் காட்டின் மணம் இவற்றுடையதே.

ஐசோப்பிரீன் பசுங்கணிகத்தில் உருவாகி உடனே வெளியேறிவிடும். எனவே வெயிலும் வெப்பமும் ஏற ஏறப் பெருகும், இருட்டியதும் நின்றுவிடும். மோனோடெர்பீன்கள் பைனின் பிசின் நாளங்களில் தேங்கியிருப்பதால் இரவிலும் கசியும். கடும் வெப்பத்தைத் தாங்க ஐசோப்பிரீன் இலைக்கு உதவுகிறது.

பகல் காற்றில் ஐசோப்பிரீனின் ஆயுள் ஓரிரு மணி நேரமே. ஹைட்ராக்சில் தனி உறுப்பு அதைத் தாக்க, பெராக்சி தனி உறுப்புகள் பிறக்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்பது காற்றில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பொறுத்தது. வாகனப் புகையும் அனல்மின் நிலையப் புகையும் சேர்ந்த காற்றில், பெராக்சி உறுப்புகள் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. அதைச் சூரிய ஒளி உடைக்கும்போது ஓசோன் உண்டாகிறது. அமேசானின் மாசற்ற காற்றில் இதே ஐசோப்பிரீனால் ஓசோன் பெருகுவதில்லை. ஆகவே மரங்களை இந்த ஓசோன் மாசுக்குக் காரணமாகச் சொல்வது நியாயமன்று.

அமெரிக்காவின் அட்லாண்டா இதற்குத் தெளிவான சான்று. மரங்கள் அடர்ந்த அந்நகரில் ஓசோனைக் குறைக்க, மனிதர் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களைக் கட்டுப்படுத்துவதே வழி என நம்பப்பட்டது. மரங்களின் பங்கைக் கணக்கில் சேர்த்தால் அம்முயற்சி போதாது, நைட்ரஜன் ஆக்சைடுகளையே குறைக்க வேண்டும் என்று வளிமண்டல அறிவியலாளர் வில்லியம் சமைடிஸ் குழுவினர் 1988இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினர். போர்னியோவில் மழைக்காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நடும் இடங்களில் ஐசோப்பிரீன் பன்மடங்கு கூடுகிறது. அங்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆவிகள் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, எளிதில் ஆவியாகாத பொருட்களும் உருவாகி நுண்துகள்களாகத் திரள்கின்றன. காடுகளின் மேல் தோன்றும் நீல மூட்டத்துக்குத் தாவர ஆவிகளே காரணம் என்று தாவரவியலாளர் ஃபிரிட்ஸ் வென்ட் 1960இல் எழுதினார். பைனீனிலிருந்து பிறக்கும் பொருட்கள் கந்தக அமிலத்தின் துணையின்றியே துகளாக முடியும் என்பதை 2016இல் செர்ன் ஆய்வகத்தின் கிளவுட் சோதனை நிறுவியது. அமேசானில் இடிமேகங்கள் ஐசோப்பிரீனை வெகு உயரத்துக்கு ஏற்றிச் செல்கின்றன. அங்குள்ள கடுங்குளிரில் அதுவும் துகளாகிறது. வளர்ந்து கீழிறங்கும் அத்துகள்களின் மேல் நீராவி படிந்து மேகத்துளிகள் உண்டாகக்கூடும்.