நோவை முன்னறியும் முயற்சி

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே முழங்காலுக்கு ஓய்வு என்பதில்லை. கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றால் முதுகிலே தாங்கி ஏறி இறங்கிய பெண்ணுக்கு முதுமையிலே மூட்டுத் தேய்கின்றது. சத்திரசிகிச்சைக்கு முன் அவள் வைத்தியரிடம் கேட்கும் வினா ஒன்றே: "மூட்டை மாற்றினால் நோவு போய்விடுமா?"

இவ்வினாவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1890 ஆம் ஆண்டிலே பெர்லின் நகரத்து குளுக் என்னும் சத்திரவைத்தியர், நோயால் அழிந்த முழங்காலுக்கு யானைத் தந்தத்தாலே மூட்டுச் செய்து பொருத்தினார். கிருமி தொற்றியதால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1968 இல் இங்கிலாந்திலே கன்ஸ்டன் என்பவர் உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட மூட்டைப் பொருத்தினார். 1974 இல் நியூயோர்க்கிலே இன்சால் குழுவினர் இன்றைய மூட்டுக்கு முன்னோடியானதை அமைத்தனர். மூட்டுச் செய்யும் வித்தை கைவந்தது. ஆயினும், மூட்டுச் செவ்வனே பொருந்தியும் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நோவு நீங்குவதில்லை. காரணம் யாது?

விடையின் தொடக்கம் போர்க்களத்திலே கிடைத்தது. 1944 இல் இத்தாலியில் அமெரிக்க இராணுவ வைத்தியர் பீச்சர், கடுங்காயமுற்ற வீரரை வினவினார். நால்வரில் மூவர் நோவு தணிக்கும் மருந்து வேண்டாமென்றனர். காயம் அவர்களுக்குக் களத்திலிருந்து கிடைத்த விடுதலையாயிற்று. முதுகிலே முள்ளேற்றிக் காவடி எடுக்கும் அடியாரைக் கண்ட மலையகத்தார்க்கு இது புதுமையன்று. பேராதனையிலே மருத்துவ பீடம் தோன்றியது 1962 இல். மூன்றாண்டு கழித்து, 1965 இல், மெல்சாக், வால் என்னும் இருவர், முள்ளந்தண்டிலே நோவுக்கு ஒரு வாயில் உண்டென்றும், மனத்தின் நிலையும் அதனைத் திறக்கவோ மூடவோ வல்லதென்றும் எடுத்துரைத்தனர்.

அதன் பின்னரே நோவை முன்னறியும் ஆய்வு வளர்ந்தது. முன்னரே கடுநோவு உள்ளவர், உடலின் வேறிடங்களிலும் நோவுடையவர், மனச்சோர்வாலும் அச்சத்தாலும் வருந்துவோர் ஆகியோருக்கே நோவு எஞ்சுதல் மிகுதி என அது காட்டுகின்றது. எனினும், தனியொருவருக்கு இன்னதுதான் நேருமென்று உறுதி கூறும் கருவி எதுவுமில்லை. இவ்வறிவு சிகிச்சையை மறுப்பதற்கன்று, அஞ்சுவோரை ஆயத்தப்படுத்துவதற்கே.

1975 இல் மெல்சாக் நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து ஒரு வினாத்தாள் அமைத்தார். தமிழிலோ குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு என ஒவ்வொன்றும் வேறு. நோவை அளக்கும் முதற்கருவி நோயாளியின் சொல். மலைச்சரிவிலிருந்து வரும் மூதாட்டி தன் சொல்லிலே அதனைக் கூறவும், கேட்போர் அதனை உணரவும் வாய்ப்பளித்தலே முன்னறிதலின் முதற்படி.