வேலூர்க் கோட்டையில் கண்டி மன்னன்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள மத்தூரை, போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூர் ஆலைகளுக்கும் ஆள் அனுப்பும் ஊராகவே இன்று பலரும் அறிவர். ஆயினும், 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இவ்வூரை உள்ளிட்ட பாராமகால் சீமை முழுவதும் திப்பு சுல்தானின் கையிலிருந்து ஆங்கிலக் கும்பினியின் கைக்கு மாறி, அலெக்சாண்டர் ரீடு கலெக்டராகவும் தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளராகவும் வந்து நிலத்தை அளக்கத் தொடங்கிய காலத்தில், கும்பினியார் தம் எழுத்துகளில் எல்லாம் திப்புவைக் கொடுங்கோலன் என்றே வருணித்து, அவனிடமிருந்து குடிகளை மீட்டதாகவே சொல்லிக்கொண்டனர். ஒரு கொடுங்கோலன் பிடிபட்டால் அவனை என்ன செய்வது என்ற கேள்வி அப்போது எழாமற் போனதற்குக் காரணம், 1799 மே 4-ஆம் நாள் திப்பு போர்முனையிலேயே மாண்டதுதான். அவனை உரிய மரியாதைகளுடன் அவன் தந்தையின் அருகில் அடக்கம் செய்த கும்பினி, அவன் புதல்வர்களை வேலூர்க் கோட்டையில் வைத்தது. 1806 ஜூலை 10-ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து அதே கோட்டைக்கு இன்னொரு ராஜகுடும்பம் வந்து சேர்ந்தது. இம்முறை அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாத நிலை. வந்தவன் கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இளமையில் கண்ணுசாமி என்ற பெயருடன் வளர்ந்த இந்த நாயக்கர் வமிசத்துப் பிள்ளையை, முதல் அதிகாரம் எனப்பட்ட தலைமை அமைச்சனாகிய பிலிமத்தலாவை, தன் சொற்படி ஆடுவான் என்று நம்பி 1798-இல் சிம்மாசனத்தில் ஏற்றினான். ஏற்றியவனையே பின்னாளில் அரசன் கொல்வித்தான். பழி இதனோடு நிற்கவில்லை. பிலிமத்தலாவைக்குப் பின் வந்த எகலப்பொலை 1814-இல் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தபோது, கண்டியில் பிணையாக இருந்த அவனுடைய மனைவி குமாரிஹாமியும் மக்களும் அரச கோபத்துக்கு இரையாயினர்.

அந்த நாளின் நிகழ்ச்சியைச் சிங்களத் தாய்மார் இன்றும் தம் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். வாளைக் கண்டு மூத்த மகன் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு அழுதான் என்றும், இளையவனான மத்தும பண்டார முன்வந்து, அண்ணனுக்குத் தைரியம் சொல்லித் தன் கழுத்தை நீட்டினான் என்றும் மரபு கூறும். வெட்டுண்ட தலைகளை உரலில் இட்டு இடிக்கும்படி தாயையே கட்டாயப்படுத்தினார்கள் என்று, சில ஆண்டுகளுக்குப் பின் இலங்கையில் இருந்த ஆங்கில இராணுவ வைத்தியர் ஜான் டேவி எழுதிவைத்தார். அந்த உரல் வரலாறு உண்மைதானா என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றுள்ளனர். உரலைச் சந்தேகிக்கலாம், குழந்தைகள் கொல்லப்பட்டதையும், குமாரிஹாமி போகம்பரை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டதையும் யாரும் சந்தேகிக்கவில்லை. அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்த வியாபாரிகள் சிலருடைய அங்கங்களை அரசன் அறுக்கச் செய்ததும், 1815 ஜனவரியில் யுத்தம் மூண்டது.

பிப்ரவரி 18-ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அருகே, எகலப்பொலையின் ஆட்கள் அரசனைப் பிடித்துக் கயிற்றால் கட்டி, தரையில் இழுத்து அவமானப்படுத்தினர். அரசியரின் காதணிகள் பறிக்கப்பட்டன. ஆங்கிலேயர் பக்கத்து மொழிபெயர்ப்பாளராக அங்கே வந்த டயஸ் என்பவர் கட்டுகளை அவிழ்க்கச் செய்தார். அவர் சற்றுத் தாமதித்திருந்தால் அரசனுடைய கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். கொலையுண்ட குழந்தைகளின் சொந்தத்தார் சூழ்ந்து நிற்கும்போது அவர்களைத் தடுப்பதற்கு எந்த தரும சாஸ்திரமும் போதாது.

ஆனால் தரும சாஸ்திரங்கள் இதைப்பற்றிப் பேசாமல் இல்லை. வேனன் என்ற அரசன் வேள்விகளைத் தடுத்துத் தன்னையே வணங்கும்படி ஆணையிட்டபோது, முனிவர்கள் மந்திரித்த தர்ப்பையால் அவனைக் கொன்றார்கள் என்று விஷ்ணு புராணம் சொல்கிறது. ஆயின் அதே புராணம், அவன் மடிந்ததும் நாட்டில் கள்வர் பெருகினர் என்றும், முனிவர்கள் அந்த உடலையே கடைந்து பிருதுவைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று என்றும் தொடர்கிறது. வேனன் கொல்லப்பட்டது அதிகாரத்தில் இருந்தபோது; ஆயுதமிழந்தவனையும் சரண் புகுந்தவனையும் கொல்லலாகாது என்பது மனுவின் விதி. திருவள்ளுவரோ, கொலைஞரை அரசன் மரணத்தால் ஒறுப்பதைச் செங்கோன்மை அதிகாரத்தில் ஒப்புக்கொண்டாலும், அடுத்து வரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில் கொடிய அரசனைத் தண்டிக்கும் நீதிபதி எவரையும் நிறுத்தாமல், குடிகளின் துயரமே அவன் ஆக்கத்தை அழிக்கும் என்ற அளவில் அமைகிறார்.

கண்டியின் பௌத்தருக்கு இது இன்னும் கடினமான விஷயமாக இருந்திருக்க வேண்டும். கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட அவர்களுடைய மகாவம்சத்தில் சிறிசங்கபோதி என்ற அரசன் வருகிறான். பிடித்துவரப்பட்ட குற்றவாளிகளை இரகசியமாக விடுவித்துவிட்டு, வேறு பிணங்களை எரித்து, தண்டனை நிறைவேறியதாக ஊரை நம்பச் செய்தவன் அவன். அதே சமயம் கண்டி அரசர் பலரும் யானைக் காலால் இடறச்செய்து மரண தண்டனை நிறைவேற்றியவர்களே. இஸ்லாத்தில், கொடிய ஆட்சியாளன் முன் நின்று சத்தியத்தைச் சொல்வது ஜிஹாதுகளிலெல்லாம் மேலானது என்று நபிகளின் வாக்காகக் கற்பிக்கப்படுகிறது. கிறிஸ்தவ மரபின் தாமஸ் அக்குவினாஸ், கொடுங்கோலனைத் தனி மனிதர் எவரும் கொல்லலாகாது, அவனை நீக்குவது பொது அதிகாரத்துக்கே உரியது என்றார். இத்தனை மரபுகளும் வேறு வேறு வாயிலாகப் பேசினாலும், கோபத்தில் எழுந்த கையை மட்டும் அவற்றில் பெரும்பாலானவை நம்பவில்லை என்பதே எனக்குப் புலப்படுகிறது.

1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டியில் கவர்னர் பிரௌன்ரிக்கும் பிரதானிகளும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தனர். விசாரணையின்றியும், சில சமயம் குற்றச்சாட்டே இன்றியும் அரசன் மரண தண்டனையும் சித்திரவதையும் விதித்தான் என்பது அதன் முதல் குற்றச்சாட்டு. அதற்காகவே அவன் சிம்மாசனத்தை இழந்தான் என்று அது அறிவித்தது. சித்திரவதையும் அங்கச்சேதமும் அதன்மூலம் ஒழிக்கப்பட்டன. கவர்னரின் எழுத்து மூலமான ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனை கூடாது என்றும் விதிக்கப்பட்டது. நல்ல விதிகள்தாம். எனினும், விசாரணையின்றித் தண்டித்தான் என்று ஒருவனை விசாரணையின்றியே நீக்கிய அந்த முரண்பாடு அன்று கூடியிருந்த எவர் மனத்தையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அரசனை மன்றில் நிறுத்தியிருந்தால், அவன் ஆணைகளை நிறைவேற்றிய பிரதானிகளும், அவர்களோடு பல்லாண்டு இரகசியக் கடிதப் போக்குவரத்து நடத்திய ஆங்கில அதிகாரி ஜான் டாயிலியும் சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்திருக்கும். மன்னிப்பைவிட இந்தச் சங்கடமே அவனுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது என்பது என் எண்ணம். 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேறிச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுவரப்பட்ட அரசன், உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1832 ஜனவரி 30-ஆம் நாள் நோயில் இறந்தான்.

ஆங்கிலேயரின் கருணைக்கு எல்லை இருந்தது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனையும், 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரரையும் தூக்கிலிடக் கும்பினி தயங்கவில்லை. கண்டியிலோ இதைவிடக் கசப்பான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மூழ்கடிக்கப்பட்ட குமாரிஹாமியின் உடன்பிறந்தவனாகிய கெப்பிட்டிபொல, ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்த 1818-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிப் பிடிபட்டு, நவம்பர் 26-இல் அதே போகம்பரையில் தலை வெட்டப்பட்டான். அவனுடைய மண்டையோடு எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டது. சகோதரியைக் கொன்ற அரசன் வேலூரில் உயிரோடிருக்க, கொலையுண்டவளின் சகோதரன் வெட்டுப்பாறைக்குச் சென்றான் என்றால், இரு முடிவுகளையும் நிர்ணயித்தது குற்றத்தின் கொடுமை என்று எவரும் கூற முடியாது. யாரால் ஆட்சிக்கு இனி ஆபத்தில்லை, யாரால் உண்டு என்பதே அங்கே அளவுகோலாக இருந்தது.

கொல்லாமல் நாடு கடத்துவது அந்தக் காலத்து ஐரோப்பாவில் தெரியாத வழக்கமன்று. பதினாறாம் லூயியை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்று 1793-இல் பிரெஞ்சு மகாசபையில் வாதாடினார் தாமஸ் பெய்ன், சபை கேட்கவில்லை. 1815-இல் நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவுக்கு அனுப்பப்பட்டான். நம் காலத்தில் சதாம் உசேனுக்கு நேர்ந்தது மறுகோடி. துஜைல் கிராமத்தைச் சேர்ந்த 148 பேரைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்டு, 2006 டிசம்பர் 30-ஆம் நாள், பக்ரீத் பண்டிகையன்று அவர் தூக்கிலிடப்பட்டார்; வாத்திகன் வருந்தியது, இந்திய அரசும் ஏமாற்றம் தெரிவித்தது. குர்து மக்களை ஆயிரக்கணக்கில் அழித்த ‘அன்ஃபால்’ வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. அவர் மறைந்ததும் அவர்மீதிருந்த அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. உறவினரை இழந்த குர்துகள் அவருக்கு எதிரான தீர்ப்பைக் கேட்காமலே போயினர்.

கண்டி மன்னனைக் கொல்லாமல் விட்டதைச் சரி என்றே நான் கொள்கிறேன். குமாரிஹாமியின் சார்பில் ஒரு வாக்குமூலமும் பதிவு செய்யாமல் அவனைக் கப்பலேற்றியதைப் பெருந்தவறு என்று கொள்கிறேன். மத்தூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வேலூருக்குச் செல்வோர் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பாலாற்றங்கரையில் அரசனுடைய சமாதி இருக்கும் இடத்தில் 1990-இல் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபத்துக்கும் சென்று வர வேண்டும். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அரசனுடைய பெயரோடு குமாரிஹாமியின் பெயரையும் மத்தும பண்டாரவின் பெயரையும் கெப்பிட்டிபொலவின் பெயரையும் அங்கே சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.