பழைய படகுகள் அரங்கத்துக்குத் திரும்பிய கதை

குளிர்காலப் படகுக் கண்காட்சிகளில் பளபளக்கும் ஃபைபர்கிளாஸ் படகுகளுக்கு நடுவே ஒரு மூலையில் பழைய மஹோகனி படகுகள் நிற்கும். பலர் அவற்றை அலங்காரத்துக்கு வைத்தவை என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். உண்மையில் இந்தக் கண்காட்சிகளை வளர்த்தெடுத்தவையே அந்த மாதிரிப் படகுகள்தான்.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். படகு ஓட்ட முடியாத அந்த மாதங்கள்தான் படகு விற்கத் தோதான மாதங்கள். அப்போது ஆர்டர் பிடித்தால்தான் பட்டறையில் வேலை ஓடும். பனி உருகும் நேரத்துக்குப் படகும் தயாராகும். 1905-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோட்டார் படகுகளைக் கூரைக்கடியில் நிறுத்திக் காட்டினார்கள். பிறகு அந்தக் கண்காட்சி ஆண்டுதோறும் நடப்பது வழக்கமாயிற்று. 1920-களில் மிச்சிகன் மாநிலம் அல்கோனாக்கில் கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித்தும் மகன்களும் ஒரே அளவில் வரிசையாகச் செய்த கிறிஸ்-கிராஃப்ட் படகுகளுக்கு இங்கே வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரால் 1942-ல் உல்லாசப் படகு வேலை நின்றது. பட்டறைகள் போர் வீரர்களைக் கரையிறக்கும் படகுகளைக் கட்டின. போருக்குப் பின் மரப்படகுகள் மீண்டும் வந்தாலும், 1960-களில் ஃபைபர்கிளாஸ் அவற்றை ஓரங்கட்டியது. ஆண்டுதோறும் வார்னிஷ் கேட்கும் மரப்படகு பலருக்குச் சுமையாகிவிட்டது. எத்தனையோ நல்ல படகுகள் கொட்டகைகளில் உளுத்துப்போயின. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நல்லவேளையாக, சிலர் விட்டுவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டனில் 1965 முதல் கோடைதோறும் பழைய படகுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கிறது. 1975-ல் அதே மாநிலத்தின் லேக் ஜார்ஜில் பழம்படகு ஆர்வலர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் கணக்கில் 1918 வரை கட்டியவை வரலாற்றுப் படகுகள், 1919 முதல் 1942 வரை பழம்படகுகள், அதற்குப் பிந்திய சில பத்தாண்டுகளில் கட்டியவை கிளாசிக். பழம்படகுக்கும் கிளாசிக்குக்கும் நடுவில் கோடு கிழித்தது அந்தப் போர்தான். ஆனால் கோடை முடிந்தால் ஏரிக்கரையில் ஆள் இருக்காது. சங்கத்துக்குப் புது உறுப்பினர்களைத் தேடுகிறவர்கள் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? அப்படித்தான் பழைய படகுகள் டிரெய்லர் ஏறிக் குளிர்கால அரங்கத்துக்குத் திரும்பின.

அரங்கத்தில் நிற்பது மரத்துக்குச் சுலபமில்லை. பெரிய சோதனை சூடேற்றிய காற்று. ஈரம் வற்றினால் பலகை சுருங்கும், சந்து திறக்கும். படகின் மரவேலையையும் கிட்டே போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு திருகாணியின் தலைமேலும் ஒரு சிறு மரமூடி பதித்திருக்கும். நல்ல தச்சர் அந்த மூடியின் ரேகையைப் பலகையின் ரேகையோடு ஒரே திசையில் சேர்த்து ஒட்டியிருப்பார். கவனித்துப் பார்த்தால்தான் அங்கே ஒரு மூடி இருப்பதே தெரியும். பளபளப்பைவிட இந்த வேலைக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். அடுத்தபடியாக, பழைய பலகைகளை மாற்றாமல் காத்து வைத்த படகுகளுக்கு. சங்கத்தின் போட்டிகளிலும் அவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு.

பனி உருகியதும் ஏரியில் இறக்கினால், அடிப்பலகை பழைய முறையில் உள்ள படகில் முதலில் தண்ணீர் கசியும். பம்பை ஓடவிட்டுக் காத்திருப்பார்கள். ஓரிரு நாளில் பலகைகள் ஊறி உப்பி, சந்துகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். அதன்பிறகுதான் உரிமையாளர் இன்ஜினைக் கிளப்புவார்.