மாடத்திலிருந்து கேட்ட இளைஞன்

1799ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் றோயல் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டபொழுது, விஞ்ஞான அறிவைப் பொதுமக்களிடையே பரப்புதலே அதன் நோக்கமென அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் வீதியிலிருந்து நேரே மேல்மாடத்துக்கு ஏறிச்செல்வதற்கெனத் தனிக் கற்படிக்கட்டும் அமைக்கப்பட்டது. அது நெடுங்காலம் நிலைக்கவில்லை, இடிக்கப்பட்டுவிட்டது. ஹம்பிரி டேவியின் இரசாயனச் சொற்பொழிவுகளுக்கு வந்த செல்வர்தம் குதிரைவண்டிகள் அல்பமார்ல் வீதியை நிறைத்தன. ஆங்கு ஏழைக்கு இடமேது?

எனினும் 1812இல், புத்தகங்கட்டும் தொழில் பயின்றுகொண்டிருந்த மைக்கேல் பரடே என்னும் இருபது வயது இளைஞனுக்கு, கடைக்கு வந்துபோகும் ஒருவர் நுழைவுச்சீட்டுகளை ஈந்தார். மணிக்கூட்டுக்கு மேலுள்ள மாடத்தில் அமர்ந்து டேவியின் சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்ட அவன், குறிப்பெழுதிப் படம் வரைந்து, தன் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினான். கற்ற தொழில் கைகொடுத்தது! மறு ஆண்டே அந்நிறுவனத்தின் ஆய்வுகூட உதவியாளனானான்.

பிற்காலத்தில் வெள்ளி மாலைச் சொற்பொழிவுகளைத் தொடக்கிவைத்தவரும், சிறுவர்க்கான நத்தார்காலச் சொற்பொழிவுகளை 19 முறை நிகழ்த்தியவரும் அந்தப் பரடேயே. 1860ஆம் ஆண்டு நத்தாரின்போது சிறுவர்முன் அவர் எடுத்துக்கொண்ட பொருள், எவர் வீட்டிலும் உள்ளதொரு மெழுகுதிரி. அதன் சுடரிலிருந்து நீர் பிறப்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர்.