நம் வீட்டுக் கடிதங்களும் நிழற்படங்களும்

ஒரு சமுதாயம் தன் வரலாற்றை எழுத வேண்டுமாயின் அதற்குச் சான்றுகள் வேண்டும். மன்னர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. கோயில்களுக்குத் தல புராணமும் கொடைக் கணக்கும் இருந்தன. நிலக்கிழார்க்குப் பத்திரமும் பட்டயமும் இருந்தன. நம் முன்னோர்க்கு இருந்தவை யாவை? நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இவ்வினாவுக்கு நாம் விடை காண வேண்டும். அவ்விடையின் ஒரு பகுதி நம் வீடுகளிலேயே, பரண்மீதும் தகரப் பெட்டிக்குள்ளும், பழைய கடிதங்களாகவும் நிழற்படங்களாகவும் கிடக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிறர் எழுதிய ஏடுகளில் நம் மக்கள்

அரசாங்க ஏடுகளில் நம் மக்கள் இடம்பெறவில்லை என்று கூற முடியாது. பல இடங்களில் இடம்பெற்றுள்ளனர். ஆனால் எவ்வாறு? 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டது. பெயர், தந்தை பெயர், சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியன பதிவேட்டில் ஏறின. அப்பதிவேடுகளை நாம் இகழ வேண்டுவதில்லை. அவற்றைக் கொண்டே இன்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் முன்னோர் பிறந்த ஊரைத் தேடிக் கண்டறிகின்றனர். எனினும், கப்பலேறியவர் எதற்கு அஞ்சினார், யாரைப் பிரிந்து வருந்தினார், மீண்டு வந்து என்ன செய்ய எண்ணினார் என்பவற்றைப் பதிவேடு சொல்லாது. அவற்றை அவர் வீட்டிற்கு விடுத்த கடிதம் ஒன்றே சொல்லும்.

ஒரு குடும்பம் காத்த சுவடி

காப்பதன் பயனை அறிய நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தம் பாட்டனார் கந்தப்பனாரைப் பற்றித் தமிழன் இதழில் எழுதியுள்ளார். கந்தப்பனார் ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணியாற்றியவர். அவர் தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஏட்டுச் சுவடிகளை ஆரிங்டன் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்பது பண்டிதர் தரும் செய்தி. எல்லிஸ் 1819-இல் மறைந்தவர். ஆகவே இது இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி.

இதில் நாம் கருத வேண்டியவை இரண்டு. சமையற்கட்டில் பணிபுரிந்த ஒருவரின் வீட்டில் குறள் ஏடு இருந்தது; அதனைப் பூச்சி அரிக்காமல் காத்து வைத்திருந்தனர் என்பது ஒன்று. ஏடு கைவிட்டுப் போன பின்னரும் அச்செய்தியைப் பாட்டன் மகனுக்கும் மகன் பேரனுக்கும் சொல்லி வந்தனர். பேரன் அதனை அச்சில் ஏற்றினார் என்பது மற்றொன்று. சுவடியைக் காத்ததும் செய்தியைக் காத்ததும் ஒரு குடும்பமே. அவ்வாறு காவாதிருந்தால், நம் மக்கள் எழுத்தறியாதவர் என்று பிறர் எழுதியதே முடிந்த முடிபாக நின்றிருக்கும்.

நின்றதும் மறைந்ததும்

பண்டிதர் 1907 ஜூன் 19-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் பலர் அதன் வாசகராகவும் புரவலராகவும் விளங்கினர். பண்டிதரின் மறைவுக்குப் பின்னர் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து அதனை மீண்டும் நடத்தினார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பண்டிதரின் பெயரே பொது வரலாற்று நூல்களில் அரிதாயிற்று. ஆயினும் இதழ்கள் அழியவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றோர் அவற்றைத் தேடிச் சேர்த்துப் போற்றி வைத்திருந்தனர். அங்ஙனம் காக்கப்பட்ட படிகளிலிருந்தே ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுத்தார். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் அவற்றை நூலாக வெளியிட்டது. இன்று பல்கலைக்கழகங்களில் பண்டிதரைப் பற்றி ஆராய்கின்றனர் என்றால், பழந்தாள் என்று எண்ணி எடைக்குப் போடாதவர்களே அதற்குக் காரணராவர்.

இதற்கு மாறான நிலையையும் எண்ணிப் பார்ப்போம். இரட்டைமலை சீனிவாசனார் 1893 முதல் 1900 வரை ‘பறையன்’ என்னும் இதழை நடத்தினார். இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாகக் கொண்ட துணிவுமிக்க இதழ் அது. அவ்விதழின் முழுத் தொகுதி ஆய்வாளர் கைக்கு எட்டவில்லை. சுதேசி இதழ்களைக் கண்காணிக்க அன்றைய அரசாங்கம் ஆங்கிலத்தில் எடுத்துவைத்த சுருக்கக் குறிப்புகளின் வழியாகவே அதன் கருத்துகளில் பலவற்றை அறிய வேண்டியுள்ளது. நம் தலைவரின் குரலை வெள்ளையர் எடுத்த குறிப்பிலிருந்து மீட்க வேண்டிய நிலை இது. நல்வாய்ப்பாக, சீனிவாசனார் 1939-இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அதுவும் இல்லையேல் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும்.

பெற்றவர் காத்த கடிதங்கள்

கடிதத்தைப் பொறுத்தவரை, எழுதியவரிடம் அது தங்குவதில்லை. பெற்றவர் காத்தால்தான் உண்டு. நாசிக் நகரில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் 1930-இல் தொடங்கியது. அதில் முன்னின்ற தாதாசாகேப் கெய்க்வாடுக்கு அண்ணல் அம்பேத்கர் பல கடிதங்கள் எழுதினார். கெய்க்வாட் அவற்றைக் காத்து வைத்தார். பிற்காலத்தில் அவை அச்சேறின. மேடையில் முழங்கிய தலைவர் தம் தோழரிடம் மனம் திறந்து எவ்வாறு பேசினார் என்பதை அவற்றால் அறிகிறோம்.

அண்ணல் 1956-இல் மறைந்தபோது அவர் அச்சிடாமல் விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் மிகப் பல. அவை நெடுங்காலம் பெட்டிகளில் பூட்டிக் கிடந்தன. வசந்த மூன் பதிப்பாசிரியராக இருந்து உழைக்க, மகாராட்டிர அரசு 1979-இல் முதல் தொகுதியை வெளியிட்டது. பேரறிஞர் ஒருவரின் எழுத்துக்கே இந்நிலை என்றால், நம் வீட்டுப் பெரியவர்களின் எழுத்தைக் காக்க வேண்டியவர் யார்? நாமே அல்லவா?

அஞ்சலட்டையில் உள்ள செய்தி

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-இல் காலணா விலைக்கு வந்தது. அடுத்த ஆண்டே பணவிடைமுறையும் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டும் ஏழைகளுக்குப் பெருந்துணையாயின. தங்கவயலுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் இரங்கூனுக்கும் பட்டாளத்திற்கும் சென்ற நம்மவர் காலணாச் செலவில் வீட்டோடு உறவாடினர். எழுதத் தெரியாதவர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். இங்கே சேரியில் பள்ளி சென்ற பிள்ளை உரக்கப் படிக்க, தெருவே கூடி நின்று கேட்டது. ஒரு கடிதத்தின் பின்னால் சொன்னவர், எழுதியவர், படித்தவர், கேட்டவர் எனப் பலர் உள்ளனர்.

‘பணம் அனுப்பியுள்ளேன், பையனைப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டாம்’ என்பதுபோல் பணவிடைக் கூப்பனில் எழுதப்பட்ட ஒரு வரி, நம் கல்வி வரலாற்றுக்குச் சிறந்த சான்றாகும். கல்விக் கழகங்கள் தோன்றுமுன் கல்வியை வளர்த்தவை அத்தகைய வரிகளே.

கடல் கடந்தவர் வாழ்வில் இழப்பும் மிகுதி. அன்னை மீனாம்பாள் சிவராஜ் 1904-இல் பிறந்தது இரங்கூனில் என்பதை இளைஞர் பலர் அறியார். அந்நகரின்மீது 1941 டிசம்பர் 23-இல் குண்டு விழுந்தது. அதன்பின் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பியவர்கள் பிள்ளைகளைச் சுமந்தனர். பெட்டிகளைச் சுமக்க இயலவில்லை. அங்ஙனம் அழிந்தவற்றை மீட்க வழியில்லை. எஞ்சியவற்றையேனும் காத்தல் வேண்டும்.

சில கடிதங்கள் படிப்பதற்குக் கூச்சம் தரலாம். பஞ்ச காலத்தில் நெல் வேண்டிப் பண்ணையாருக்கு ‘ஆண்டே’ என விளித்து எழுதிய விண்ணப்பத்தின் படி இருக்கலாம். கடனையும் பட்டினியையும் கூறும் கடிதம் இருக்கலாம். அவற்றைக் கிழித்தெறிய எண்ணுதல் தவறு. அவ்வாறு எழுதும் நிலைக்கு நம்மவரைத் தள்ளியவர்க்கே அது இழிவு; நமக்கு அன்று. எங்கிருந்து புறப்பட்டோம் என்பதற்கு அதனினும் மேலான சான்று இல்லை.

இரு வகை நிழற்படங்கள்

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அத்தகைய நூல்களில் மக்கள் பெயரற்றவராய், சாதியின் மாதிரிகளாய் நிறுத்தப்பட்டுள்ளனர்.

நம் வீட்டுச் சுவரிலுள்ள படம் வேறு வகையானது. செருப்பணிந்து தெருவில் நடக்கவும் மேலாடை அணியவும் தடையிருந்த காலத்தில், நம் பாட்டனார் நகரத்து ஸ்டூடியோவுக்குச் சென்று, கோட்டும் செருப்பும் அணிந்து, நாற்காலியில் அமர்ந்து, கையில் ஒரு புத்தகத்துடன் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் பாட்டியார் நிற்கின்றார். அக்கோட்டு ஸ்டூடியோக்காரருடையதாகவே இருக்கலாம். இருப்பினும் தம்மை உலகம் எவ்வாறு காண வேண்டும் என்று முடிவு செய்தவர் அவரே. அப்படம் ஓர் உரிமை முழக்கம். ஆனால் அதன் பின்புறத்தில் பெயர் எழுதப்படவில்லையாயின், இன்னும் ஒரு தலைமுறையில் அவரும் தர்ஸ்டன் நூலில் நிற்பவரைப் போலவே பெயரற்றவராகி விடுவார். அத்தீங்கைச் செய்தவர் அப்போது நாமாக இருப்போம்.

காக்கும் முறைகள்

கறையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் வெயிலும் தாளுக்குப் பகை. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமீது வைக்க வேண்டும். மடித்த கடிதங்களை மெல்ல விரித்து, தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். குண்டூசி துருப்பிடிக்கும், அதனை நீக்கி விட வேண்டும். கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டலாகாது. அது நாளடைவில் பழுத்துத் தாளைக் கெடுக்கும். லாமினேஷன் செய்தலும் கூடாது. பின்னர் தாளைப் பிரித்தெடுக்க இயலாது. படத்தின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுக. கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காமல் சட்டத்தோடு படி எடுத்துக்கொள்க.

இன்று கைப்பேசியால் எவரும் நொடியில் படி எடுக்கலாம். அது நன்று. எனினும் கைப்பேசி பழுதானால் படியும் போகும். ஆதலின் படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் வேண்டும். படி எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிதல் அறியாமையாகும்.

பட்டா, தீர்வை ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றையும் கடிதங்களோடு சேர்த்துக் காக்க. 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழி வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்கு மாறிய கதையை நாம் அறிவோம். அவற்றை மீட்க முனைவோர்க்குப் பாட்டனார் பெட்டியில் கிடக்கும் ஒரு துண்டுத் தாளும் படைக்கலமாகும்.

இளைஞர் கடமை

போகியன்று பழையன கழிக்கிறோம். வீட்டில் ஒருவர் இறந்தால் அவர் பொருள்களை அப்புறப்படுத்துகிறோம். இவ்விரு நாள்களிலும் நம் வரலாற்றில் பெரும்பகுதி எரிகிறது. எனவே இளைஞர்களை வேண்டிக்கொள்கிறோம்: நெருப்பிலிடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். இந்த மாதமே உங்கள் பாட்டியாரின் அருகில் அமர்ந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, ‘இவர் யார்? இவர் எந்த ஊர்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். படத்திலுள்ள முகங்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் நம் ஊரில் இன்னும் சிலரே உள்ளனர், அவர்களும் முதியவர்கள்.

எழுத்து நமக்கு மறுக்கப்பட்ட காலத்திலும் நம் முன்னோர் எழுதினர், எழுதுவித்தனர், எழுதியதைக் காத்தனர். எழுத்து நமக்குக் கைவந்துள்ள இக்காலத்தில் அதனைக் காவாது விட்டால் பழி பிறரைச் சாராது. நம் கல்விக் கழகம் பொன்விழாக் காணும் நாளில், இம்மலரைப் புரட்டும் பிள்ளைகள் தங்கள் பாட்டன் பாட்டியரைப் பெயரோடும் முகத்தோடும் எழுத்தோடும் அறிந்தவராய் இருப்பாராக. அதற்கான பணியை இன்றே தொடங்குவோம்.